நான்கு மில்லிமீட்டரின் வரலாறு: புனேவும் கோவையும்

2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்னும் இரு கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜேடிபி என்பது 'ஜெயம் டாடா பெர்ஃபார்மன்ஸ்' என்பதன் சுருக்கம். புனேயில் வேரூன்றிய பெருந்தொழிலும் கோவையின் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸும் கைகோத்ததன் விளைவு இது. டியாகோவின் தரை இடைவெளி 170 மி.மீ.; ஜேடிபி வடிவத்தில் அது 166 மி.மீ. குறைந்தது நான்கே மில்லிமீட்டர்.

வளைவில் திரும்பும் காரின் பளு வெளிப்புறச் சக்கரங்களுக்கு இடம்பெயர்கிறது. இடம்பெயரும் அளவு, ஈர்ப்பு மையத்தின் உயரத்திற்கு நேர்விகிதத்திலும் இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். ஈர்ப்பு மையம் 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், நான்கு மி.மீ. தாழ்த்துவதால் கிடைக்கும் பயன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே இக்கார்களின் சாலைப்பிடிப்பை மேம்படுத்தியவை முதன்மையாக, இறுக்கப்பட்ட சஸ்பென்ஷனும் அகன்ற டயர்களுமே.

மேலும் தாழ்த்தியிருக்கலாமே என்ற கேள்வி எழும். முன்சக்கரங்களைத் தாங்கும் மெக்ஃபர்சன் அமைப்பில், காரைத் தாழ்த்தத் தாழ்த்தக் கீழ்க்கைகளின் சாய்வு மாறுகிறது. உருளல் மையம் ஈர்ப்பு மையத்தைவிட விரைந்து இறங்குகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு கூடுவதால், ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாவிடில் கார் முன்னிலும் அதிகமாகச் சாயும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் பட்டறை வழக்கத்தின் ஆபத்துகளுள் இதுவும் ஒன்று. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

கோவைக்கு இந்த நுட்பம் புதிதன்று. 1980களின் இறுதியில் எஸ். கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத்தளம் அவர் பெயரையே தாங்குகிறது. அத்தகைய கார் தளத்திற்கு மட்டுமே கடமைப்பட்டது. தரையை உரசுமளவு தாழலாம். ஜேடிபியோ வேகத்தடையையும் பள்ளத்தையும் மழைநீர் தேங்கிய தெருவையும் கடந்தாக வேண்டும்.

2020இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது இக்கார்களின் காலம் முடிந்தது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் எஞ்சினின் குதிரைத்திறனையே பெரிதும் குறித்துவைப்பர். அந்த நான்கு மில்லிமீட்டரையும் குறித்துவைக்க வேண்டும். பந்தயத்தளத்தின் ஆசைக்கு இந்தியச் சாலை அனுமதித்த அளவு அதில் பதிவாகியிருக்கிறது.