அட்சரகணிதமும் இயற்கணிதமும்

ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் பேரறிஞர் தமது கணித நூலின் பெயரில் 'அல்-ஜப்ர்' என்னும் அறபுச் சொல்லை அமைத்தார். ஐரோப்பிய மொழிகள் அதனையே 'அல்ஜிப்ரா' எனச் சிறிது திரித்து வழங்கின. தமிழிலோ அக்கலைக்கு ஒரு பெயர் நிலைக்கவில்லை. இலங்கைப் பாடநூல்கள் அதனை 'அட்சரகணிதம்' என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'இயற்கணிதம்' என்கின்றன. காரைதீவிலிருந்து அம்பாறை செல்லும் வீதியிலே, வயல்கள் சூழ்ந்த சம்மாந்துறையில் ஒரு மாணவன் இணையத்திற் கணிதம் தேடும்போது இவ்விரண்டும் ஒருங்கே அவன் முன் வந்து நிற்கின்றன.

இவ்வேறுபாடு நேற்றுத் தோன்றியதன்று. முன்னாளிலே எண்சுவடியை மனனஞ் செய்து, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரை கணக்குக் கற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலைநாட்டுக் கணிதத்தைத் தமிழில் எடுத்துரைத்த முன்னோடிகளுள் கறல் விசுவநாதபிள்ளை ஒருவர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர். 1855இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'வீசகணிதம்'. அப்பெயரும் இன்று பாடசாலை வழக்கில் இல்லை.

1945இல் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. மேல்வகுப்புகளுக்கும் தமிழ் பரவவே, கலைச்சொற்கள் பெருமளவில் வேண்டப்பட்டன. இலங்கையறிஞர் தம் வழியே சென்றனர். தமிழ்நாட்டார் தம் வழியே சென்றனர். இதன் பயனாக, இங்கே 'முக்கோணி' என்பது அங்கே 'முக்கோணம்'. இங்கே 'நாற்பக்கல்' என்பது அங்கே 'நாற்கரம்'. 'தொடை' அங்கே 'கணம்'. 'தாயம்' அங்கே 'அணி'. தொடுத்தலிற் பிறந்த 'தொடை' உறுப்புகளின் கூட்டத்துக்கு அழகாகவே பொருந்துகின்றது. புள்ளிவிவரத்தில் அடிக்கடி வரும் பெறுமானத்துக்கு இட்ட 'ஆகாரம்' என்ற பெயர் அத்துணைச் சிறந்ததன்று. நண்பகல் வகுப்பில் அச்சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கு நினைவு வேறெங்கோ செல்லும்!

அச்சுப் புத்தகமே துணையாயிருந்த நாளில் இது பெருந்தொல்லையாக இருக்கவில்லை. 1980 முதல் அரசு இலவசமாக வழங்கிய பாடநூலிலும் ஆசிரியர் வாயிலும் ஒரே சொல்தான் வழங்கிற்று. 2020 மார்ச் 13ஆந் திகதி பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை மாறிற்று. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' என்னும் இணையத்தளமும் (தக்கசீலத்தின் பெயரைத் தாங்கியது அது), கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இட்ட பாடநூல்களும் இந்நாட்டுச் சொற்களிலேயே கற்பித்தன. ஆனால் விளக்கம் போதாதபோது மாணவர் காணொளிகளை நாடுவர். தமிழ்நாட்டிலே 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் காணொளிகளுக்கு வழிகாட்டும் குறியீடுகளும் அச்சிடப்பட்டன. அச்செல்வம் முழுவதும் தமிழிலேயே உள்ளது. எனினும் 'தாயம்' என்று தேடும் பிள்ளைக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. அச்சொல்லுக்குத் தாயக்கட்டை விளையாட்டே முன்னே வரும். 'அணி' என்று தேட வேண்டுமென்பதை அப்பிள்ளைக்கு யாரேனும் முதலிற் சொல்லியிருத்தல் வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தி பெறாதவர்க்கு மேற்படிப்பின் வழிகள் மிகவும் குறுகிவிடுகின்றன. தனியார் வகுப்புக்குப் பணங்கட்ட வசதியுள்ள வீட்டிலே ஆசிரியர் ஒருவர் அச்சொற்களை ஒப்புநோக்கிக் கூறுவார். வசதியில்லாத வீட்டிலோ, மொழி தன் மொழியாயிருந்தும் பாடம் அந்நியமாய்த் தோன்றுகின்றது. இரு நாட்டுச் சொற்களையும் அருகருகே நிறுத்தும் நான்கு பக்கப் பட்டியலொன்று பாடநூலின் இறுதியிற் சேர்க்கப்படுமாயின் இத்தொல்லையிற் பெரும்பகுதி நீங்கும்; அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்திருக்கின்றது. உள்ளூர்ப் பாடசாலையிலிருந்து அங்கு செல்லும் மாணவருக்குப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. அட்சரகணிதம் அங்கே மீண்டும் 'அல்ஜிப்ரா' ஆகிவிடுகின்றது.