ஓவர்கிளாக்கிங்: செலரான் 300ஏ

கணிப்பொறியின் செயலியையும் நினைவகத்தையும், அவற்றைச் செய்தவர்கள் நிர்ணயித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலான வேகத்தில் நடத்துவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். 1984-ல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடி யந்திரத்திலேயே, தாய்ப்பலகையிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பொருத்தி, 6 மெகாஹெர்ட்ஸில் ஓடிய செயலியை 8-ல் ஓட்டியவர்கள் உண்டு. எனினும் கையில் சூட்டுக்கோல் பிடித்துப் பழகியவர்களின் தனி வித்தையாக இருந்த இதை, யந்திரத்தின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் ஓர் எண்ணை மாற்றத் தெரிந்த சாமானிய உபயோகிப்பாளரின் கைக்கும் எட்டச் செய்தது, இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவுச் செயலியே.

அவ்வாண்டு ஏப்ரலில் வந்த முதல் செலரானுக்கு இரண்டாம் நிலை கேஷ் எனப்படும் விரைவு இடைநினைவகம் அறவே கிடையாது. விலையைக் குறைக்கும் பொருட்டுச் செய்த அந்தச் சிக்கனம் வேகத்தைப் பெரிதும் பாதித்தமையால், அதற்கு நல்ல பெயர் கிட்டவில்லை. அக்குறையை நீக்குவதற்காக, மெண்டசினோ என்று பெயரிடப்பட்ட புதிய அமைப்பில், செயலி இருக்கும் சிலிக்கான் துண்டின் மீதே 128 கிலோபைட் கேஷைச் சேர்த்து, அதனைச் செயலியின் முழு வேகத்திலேயே இயங்கும்படி இன்டெல் செய்தது. உயர்ந்த விலைக்கு விற்ற பென்டியம் 2 செயலியிலோ, 512 கிலோபைட் கேஷ் தனிச் சிப்புகளில் அமைந்து பாதி வேகத்தில்தான் இயங்கியது. அளவில் நான்கில் ஒரு பங்கும் வேகத்தில் இரு மடங்குமான கேஷைப் பெற்ற மலிவுச் செயலி, கடிகார வேகத்தில் மட்டும் பென்டியம் 2-க்கு இணையாக நிறுத்தப்படுமானால், பெரும்பாலான காரியங்களில் அதற்குச் சமமாகவே நடந்துகொள்ளும் என்பது சில வாரங்களுக்குள் வெளிப்பட்டுவிட்டது. அன்று செலரான் 300ஏ-யின் விலை 149 டாலர். பென்டியம் 2-ன் 450 மெகாஹெர்ட்ஸ் வகையின் விலை 669 டாலர்.

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல் பலனாகும்: செயலியை நினைவகத்தோடு இணைக்கும் பஸ் என்னும் பாதைக்குப் பலகை கொடுக்கும் வேகம் ஒன்று, செயலிக்குள் அமைந்த பெருக்கி மற்றொன்று. செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 4.5 என்னும் பெருக்கியுடன் 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுமாறு செய்யப்பட்டது. மலிவுச் செயலிகளின் மேல் உயர்ந்த வேகத்தைப் பொறித்து விற்கும் மோசடி அக்காலத்தில் பரவியிருந்ததனால், அதைத் தடுக்கும் பொருட்டு இன்டெல் பெருக்கியைப் பூட்டியிருந்தது. ஆயினும் பஸ் வேகம் பலகையின் வசம் இருந்தது. அதனை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால், பூட்டிய பெருக்கி அப்படியே இருக்க, வேகம் 450 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும்.

படிப்படியாக ஏற்றுவதே பத்திரமானது என்று எண்ணி, இடைப்பட்ட 83 மெகாஹெர்ட்ஸில் நின்றுகொண்டவர்கள்தாம் அதிகத் தொல்லைக்கு உள்ளானார்கள் என்பது இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. பிசிஐ இணைப்புகளும் ஏஜிபி வரைகலை அட்டையும் தத்தம் வேகத்தைப் பஸ்ஸிலிருந்தே பெறுகின்றன. பிசிஐக்கு உரிய வேகம் 33, ஏஜிபிக்கு உரியது 66. பஸ் 100-ல் ஓடும்போது, இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட பலகை அதனை மூன்றால் வகுத்துப் பிசிஐக்கும், பஸ் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஏஜிபிக்கும் கொடுப்பதால், இரண்டும் தமக்குரிய வேகத்திலேயே நிலைபெறுகின்றன. 83-லோ வகுக்கும் எண் இரண்டாகவே நிற்க, பிசிஐ 41-க்கு மேல் ஏறிவிடுகிறது. ஏஜிபியும் 83-ல் ஓடத் தலைப்படுகிறது. ஹார்டு டிஸ்க்கின் கட்டுப்பாட்டுச் சுற்று பிசிஐயைச் சார்ந்தது ஆகையால், செயலி ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிஸ்க்கில் எழுதப்படும் கோப்புகள் சிதைந்து போகக்கூடும். செயலியைப் பொறுத்தமட்டில் மிதமானதாகத் தோன்றும் ஏற்றம், யந்திரம் முழுவதையும் பொறுத்தமட்டில் அதிக அபாயமுள்ளதாக இருந்தது. இதே காரணத்தால்தான், பின்னாளில் 440பிஎக்ஸ் பலகைகளை 133-க்கு ஏற்றியபோது, பிசிஐக்கு நான்கால் வகுக்கும் வசதி இருந்தும், ஏஜிபிக்கு இரண்டால் வகுக்கும் வசதி இல்லாமையால், வரைகலை அட்டை 89 மெகாஹெர்ட்ஸைத் தாங்கவேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தது.

தைவானைச் சேர்ந்த ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 பலகையில், ஜம்பர்களைத் தொடாமல், பயாஸிலுள்ள சாஃப்ட்மெனு என்னும் பகுதியிலேயே பஸ் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்பலகை பெற்ற கீர்த்திக்கு இதுவே காரணம். அவ்வசதி இல்லாத பலகைகளுக்கும் ஒரு யுக்தி இருந்தது. ஸ்லாட் 1 என்னும் பொருத்தியில் செருகப்படும் இச்செயலியின் விளிம்பில் வரிசையாக அமைந்த தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளில் பி21 என்பது, தனக்கு வேண்டிய பஸ் வேகம் 66-ஆ 100-ஆ என்பதைச் செயலி பலகைக்கு அறிவிக்கும் முனையாகும். அந்த ஒரு முனையின் மேல் மட்டும், பக்கத்து முனைகளைத் தொடாதபடி, மெல்லியதாக நறுக்கிய செல்லோடேப் துண்டை ஒட்டியோ, நகப்பூச்சைத் தடவியோ மறைத்துவிட்டால், வந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று பலகை கொள்ளும்.

440பிஎக்ஸ் பலகைகளில் நினைவகம் பஸ்ஸின் வேகத்திலேயே ஓடுமாதலால், செயலியை உயர்த்துகிறவர் நினைவகத்தையும் உயர்த்தியே ஆகவேண்டும். 66 மெகாஹெர்ட்ஸில் ஒரு கடிகாரத் துடிப்புக்கு 15 நானோ செகண்டு அவகாசம் உண்டு; 100-ல் அது 10 ஆகக் குறைகிறது. ஆகவே பழைய எஸ்டிரேம்கள் இதில் தோற்றுப்போவதும், பிசி100 நியமத்துக்கு இணங்கச் செய்தவற்றை வாங்கவேண்டியிருந்ததும் இயல்பே. இச்செலவுக்குப் பலனும் உண்டு: 64 பிட் அகலமுள்ள பாதையில் விநாடிக்குச் சுமார் 533 மெகாபைட்டாக இருந்த போக்குவரத்து 800 மெகாபைட்டாகிறது. நினைவகத்தின் தாமதத்தைக் குறிக்கும் காஸ் எண்ணையும் இத்துடன் சேர்த்தே பார்க்கவேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் காஸ் 2 என்பது 20 நானோ செகண்டு, 133-ல் காஸ் 3 என்பது 22.5 நானோ செகண்டு. வேகத்தைக் கூட்டியவர் காஸ் எண்ணைத் தளர்த்திக்கொள்ள நேர்ந்தால், முதல் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் குறையாமற்போவதும் உண்டு.

300 என்று பொறித்த செயலி 450-ஐத் தாங்குவதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரே உற்பத்தி முறையில் வெளிவரும் சிப்புகள், அதிக உஷ்ணமும் குறைந்த மின்னழுத்தமும் உள்ள மோசமான நிலையிலும் பிழையின்றி ஓடுகின்றனவா என்று பரீட்சிக்கப்பட்டே வேகம் குறிக்கப்படுகின்றன. அன்றியும், உற்பத்தி முதிர்ந்து பெரும்பாலான சிப்புகள் உயர்ந்த வேகத்தில் தேறிவிட்டபோதிலும், சந்தை மலிவு வகையைக் கேட்டால் அவற்றுக்கே தாழ்ந்த எண் இடப்படுகிறது. இவ்விரு காரணங்களாலும் சிப்புக்குள் எஞ்சி நிற்கும் சக்தியையே உபயோகிப்பாளர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அது சிப்புக்குச் சிப்பு வேறுபடும். சில 300ஏ செயலிகள் தமக்குரிய 2.0 வோல்டிலேயே 450-ஐ எட்டின, சிலவற்றுக்கு 2.2 வோல்டு தேவைப்பட்டது, சில எட்டவேயில்லை. உஷ்ணமாகும் சக்தி, வேகத்தின் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தின் விகிதத்திலும் வளர்வதால், 450 மெகாஹெர்ட்ஸில் 2.2 வோல்டு கொடுத்தால் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. பெரிய ஹீட்சிங்கும் நல்ல விசிறியும் அவசியமானது இதனால்தான்.

யந்திரம் துவங்கிவிட்டது, விண்டோஸ் திரை வந்துவிட்டது என்பதைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிப்பது பெருந்தவறு. வேகம் மிஞ்சிய செயலி எப்போதும் நின்று போய்த் தன் பலவீனத்தைக் காட்டுவதில்லை. கணக்கில் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டு, மேலே ஓடிக்கொண்டேயிருக்கவும் கூடும். நினைவகத்தின் பிழை அதனினும் கொடியது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி நினைவகத்தை 440பிஎக்ஸ் ஏற்றுக்கொள்ளும் என்றாலும், வீடுகளிலிருந்த யந்திரங்களில் அது அபூர்வம். ஆகவே முதலில் மெம்டெஸ்ட்86-ஐக் கொண்டு நினைவகத்தையும், பிறகு விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளை இடைவிடாது போட்டு ஒத்துப்பார்க்கும் பிரைம்95-ஐக் கொண்டு செயலியையும், ஓரிரவு முழுவதும் சோதித்து, ஒரு பிழை வந்தாலும் ஒரு படி கீழே இறங்கிவிடுவதே முறை. 464-ல் தடுமாறும் யந்திரத்தைவிட 450-ல் பிழையின்றி ஓடும் யந்திரமே மேலானது என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை.

1999-ல் ஏபிட்டின் பிபி6 பலகை, இரண்டு செலரான்களை எவ்வித மாற்றமும் செய்யாமல் ஒரே யந்திரத்தில் ஓட வைத்தது; 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 550-ஐத் தொட்ட 366 வகைச் செலரான்களை இரட்டையாகப் பொருத்தி, இரு செயலிகளைக் கையாளவல்ல விண்டோஸ் என்டி போன்ற இயங்குதளங்களை அதில் நடத்தினார்கள். பஸ்ஸை உயர்த்தும் இம்முறை கோர் 2 வகைச் செயலிகள் வரை நீடித்தது. 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளில், பஸ் வேகத்தின் இடத்திலிருந்த அடிப்படைக் கடிகாரத்தை இன்டெல் எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக்கி, பூட்டில்லாத பெருக்கியை "கே" என்னும் எழுத்துடைய வகைகளுக்கு மட்டும் ஒதுக்கியதும், அக்கடிகாரத்தை நூற்றுக்குச் சில பங்குக்கு மேல் உயர்த்த வழியில்லாமற்போயிற்று.

செலரான் காலத்து யந்திரத்தை இன்று மீண்டும் இயக்க விரும்புவோர், வேகத்தைத் தொடுமுன், செயலியைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகளின் தலையைப் பார்க்கவேண்டும். தட்டையாக இருக்கவேண்டிய உச்சி உப்பியிருந்தாலோ, அதில் பழுப்பு நிறக் கசிவு காணப்பட்டாலோ, அவற்றை மாற்றிய பிறகே 100 மெகாஹெர்ட்ஸைப் பற்றி யோசிக்கலாம். ஹீட்சிங்குக்கு அடியில் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதியது தடவுவதும், பயாஸ் அமைப்பை அழிக்கும் ஜம்பர் பலகையில் எங்குள்ளது என்பதை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்வதும் அவசியம். உயர்த்திய வேகத்தில் யந்திரம் துவங்க மறுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஜம்பர் உதவும்.