பயிலுந் தாதியர் படை

நோயாளிக்கு மருந்தை எழுதிக் கொடுப்பவர் வைத்தியர். அம்மருந்தை நேரந் தவறாது ஊட்டி, இரவெல்லாம் கண்விழித்து, காய்ச்சலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் குறித்து வைப்பவர் தாதி. வைத்தியசாலைக் கட்டிடமொன்றை ஓராண்டில் எழுப்பிவிடலாம். அதற்கு வேண்டிய கட்டில்களை ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். தேர்ந்த தாதி ஒருவரை உருவாக்குவதற்கோ ஏறக்குறைய மூன்றாண்டுகள் வேண்டும். ஆதலால் தாதியர் பஞ்சம் ஒரு நாட்டை வந்தடைந்த பின்னர் அதனைத் தீர்ப்பது எளிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இப்பஞ்சத்தை எவ்வாறு எதிர்த்து நின்றன என்ற வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அந்நாளில் அங்கே 48 மாநிலங்கள் இருந்தன. தாதியரைப் பதிவு செய்யுஞ் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. ஏறக்குறைய 1,300 தாதியர் பயிற்சிப் பாடசாலைகள் நாடெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை வைத்தியசாலைகளைச் சார்ந்தவை. மாணவியரின் உழைப்பைக் கொண்டே அவ்வைத்தியசாலைகள் பல நடைபெற்றன. போர் நெருங்குவதை உணர்ந்த தாதியர் சங்கங்கள் 1940 யூலையில் ஒன்றுகூடிப் பொதுப் பேரவை ஒன்றை அமைத்தன. அடுத்த ஆண்டில் நாட்டின் பதிவுபெற்ற தாதியர் அனைவரும் கணக்கெடுக்கப்பட்டனர். தம்மிடம் உள்ளது எவ்வளவு என்பதை அறிந்த பின்னரே இல்லாதது எவ்வளவு என்பதை அறிய முடியும் அன்றோ?

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. தரைப்படையும் கடற்படையும் தாதியரை அழைத்தன. ஊர் வைத்தியசாலைகளில் அவர்களது இடங்கள் வெறுமையாயின. இளம் பெண்களுக்கோ போர்த் தொழிற்சாலைகள் உடனே நல்ல சம்பளம் தரக் காத்திருந்தன. கட்டணமும் செலுத்தி மூன்றாண்டு கற்க வேண்டிய தொழிலை வறிய வீட்டுப் பெண் எவ்வாறு தேர்ந்தெடுப்பாள்? தியாகத்தைப் போற்றும் மேடைப் பேச்சுகள் அவளது வீட்டு அடுப்பை எரிக்கமாட்டா.

இவ்வுண்மையை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஒகையோ மாநிலத்தின் பிரதிநிதியான பிரான்சிஸ் போல்ற்றன் அம்மையார். அவர் கொண்டுவந்த தாதியர் பயிற்சிச் சட்டத்தில் சனாதிபதி ரூஸ்வெல்ற் 1943 யூன் 15ஆம் நாள் கையொப்பமிட்டார். அதன்படி பயிலுந் தாதியர் படை என்னும் அமைப்புத் தோன்றியது. பொதுச் சுகாதார சேவையினர் அதனை நிருவகித்தனர். லூசில் பெற்றி என்னும் தாதி அதற்குத் தலைமை தாங்கினார்.

அத்திட்டத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. மத்திய அரசாங்கம் புதிய பாடசாலைகளைக் கட்டவில்லை. மாநிலங்களின் அதிகாரத்தைப் பறிக்கவுமில்லை. மாநிலத்தின் அங்கீகாரமும் போதிய வசதியும் பெற்ற பாடசாலைகளுக்கு மாணவியரின் கட்டணத்தையும் நூல்களின் விலையையும் அதுவே கொடுத்தது. மாணவிக்குச் சீருடையும் மாதந்தோறும் உதவிப்பணமும் கிடைத்தன: முதல் ஒன்பது மாதங்களுக்கு 15 டொலர், பின்னர் 20 டொலர், இறுதிக் காலத்தில் குறைந்தது 30 டொலர். முப்பத்தாறு மாதப் பாடம் முப்பது மாதங்களாகச் சுருக்கப்பட்டது. எஞ்சிய காலத்தில் மூத்த மாணவியர் ஊர் வைத்தியசாலைகளிலோ படை வைத்தியசாலைகளிலோ மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றினர். இவற்றுக்கு ஈடாக அவர்கள் அளித்த வாக்குறுதி ஒன்றே: போர் முடியும்வரை தாதித் தொழிலை விட்டு நீங்குவதில்லை என்பது.

பயன் விரைவிலே தெரிந்தது. முதலாண்டில் 65,000 பேர் வேண்டும் என்று எதிர்பார்த்தனர், அத்தொகை நிறைவேறியது. சுமார் 1,125 பாடசாலைகள் திட்டத்திற் சேர்ந்தன. 1948இல் அது முடிவுற்றபோது, சேர்ந்திருந்த ஏறக்குறைய 1,79,000 பேரில் 1,24,000 பேர் பயிற்சியை நிறைவு செய்திருந்தனர். போரின் கடைசி ஆண்டில் அமெரிக்க வைத்தியசாலைகளின் தாதிப் பணியில் நூற்றுக்கு எண்பது பங்கை இம்மாணவியரே தாங்கினர் என மதிப்பிடப்பட்டது.

எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாறு முழுமையாகாது. இனம், நிறம், சமயம் ஆகியவற்றால் எவரையும் விலக்கலாகாது என்று போல்ற்றன் சட்டம் விதித்தது. கறுப்பினப் பெண்கள் சுமார் 3,000 பேர் அதனாற் பயனடைந்தனர். போர்க்காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட யப்பானிய வழியினருள்ளும் சில நூறு இளம் பெண்கள் இப்படையிற் சேர்ந்தனர். ஆயினும் தரைப்படையின் கதவு அவ்வாறு திறந்திருக்கவில்லை. 1941இல் கறுப்பினத் தாதியர் 56 பேரை மட்டுமே ஏற்பதென அது வரையறுத்தது. பின்னர் அவ்வெல்லை சிறிது தளர்ந்தபோதும், அவர்களுட் சிலர் அமெரிக்காவில் வைக்கப்பட்டிருந்த செருமானியக் கைதிகளைப் பராமரிக்கவே அனுப்பப்பட்டனர்.

1945 சனவரியில் தாதியரைக் கட்டாயமாகப் படைக்குச் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று ரூஸ்வெல்ற் கேட்டார். அப்பொழுது கறுப்பினத் தாதியர் சங்கத்தின் மேபல் ஸ்ரோப்பர்ஸ் அம்மையார் ஒரு கேள்வியை எழுப்பினார். தாதியர் போதாரெனக் கட்டாயச் சட்டம் தேடுவோர், விரும்பி வந்து வாசலில் நிற்போரை ஏன் திருப்பி அனுப்புகின்றனர் என்பதே அக்கேள்வி. அதற்கு நேர்மையான விடை எவரிடமும் இல்லை. நாடெங்கிலுமிருந்து கடிதங்களும் தந்திகளும் குவிந்தன. அம்மாதம் முடிவதற்குள்ளேயே தரைப்படையும் கடற்படையும் அத்தடையை நீக்கின. கட்டாயச் சட்டமோ பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், ஐரோப்பியப் போர் முடிந்தமையாற் கைவிடப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பஞ்சம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி ஆட்களின் குறைவு. மற்றொரு பகுதி அடைத்த கதவுகள். கட்டணம் ஒரு கதவு. நிறவேற்றுமை மற்றொரு கதவு. முதலாவதைப் பணம் திறந்தது. இரண்டாவதைத் திறக்கப் பணம் போதவில்லை; அஞ்சாது கேட்ட ஒரு கேள்வி வேண்டியிருந்தது. தாதியர் தொகையைப் பெருக்க முயலும் எந்நாடும் எத்தனை பேர் வேண்டும் எனக் கணக்கிடுவதோடு அமையாது, வர விரும்பும் எவரை எது தடுத்து நிற்கின்றது என்பதையும் கணக்கெடுத்தல் வேண்டும். முதற் கணக்கை அதிகாரிகள் போடுவர். இரண்டாவது கணக்கைத் தடுக்கப்பட்டவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.