பாடம் இறங்கியது, பெயர் ஏறியது

2018 ஜூனில் சேரன்மகாதேவியில் ஆறாம் வகுப்புக்குப் போன ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அக்காவின் பழைய புத்தகத்தில் இல்லாத ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் அவன் புத்தகத்தில் இருந்தது. கியூஆர் கோடு. அந்த ஆண்டு 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குத் தமிழக அரசு கொண்டுவந்த புதிய பாடநூல்களில் இது உண்டு. செல்பேசியில் தீக்ஷா செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினால், எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து (நல்ல தமிழில் வழங்கி) பாடத்தின் வீடியோ வந்து இறங்கும். சென்னைப் பையனுக்கும் அதே வீடியோதான்.

தீக்ஷா மத்திய அரசின் திட்டம். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. உள்ளே ஓடுவது ஏக்ஸ்டெப் அமைப்பு உருவாக்கிய சன்பேர்ட் என்ற திறமூல மென்பொருள். ஆசிரியர்கள் கோப்புகளைத் தரவேற்றுவார்கள், சரிபார்ப்பவர்கள் ஒப்புக்கொண்டால் எல்லோருக்கும் கிடைக்கும். மாணவனுக்கு உள்ள வேலை தரவிறக்குவதுதான். வணிகவியல் பாஷையில் சொன்னால், பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதிய மாதிரி.

கல்வி மென்பொருள் என்றாலே இப்படித்தான் என்றில்லை. அமெரிக்காவின் எம்ஐடி (குரோம்பேட்டை எம்ஐடி இல்லை!) 2007-ல் வெளியிட்ட ஸ்கிராட்ச், பிள்ளைகள் தாங்களே கணினி விளையாட்டும் கார்ட்டூனும் செய்வதற்கான மென்பொருள். அதில் பகிர்வதற்கு ஒரு பொத்தான் வைத்தார்கள். அமுக்கினால் பிள்ளையின் கோப்பு நேராக எம்ஐடி சர்வருக்குப் போகும். வேறு யாரும் அதை இறக்கி, உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, மாற்றி, மறுபடி ஏற்றலாம்.

சண்டை வராமல் இருக்குமா? காப்பியடித்துவிட்டான் என்று புகார்கள் வந்தன. மாற்றி ஏற்றிய கோப்பில் மூலம் யாருடையது என்பதைச் சர்வரே தானாகக் காட்டும்படி செய்து பார்த்தார்கள். அப்படியும் பிள்ளைகளுக்குச் சமாதானம் ஆகவில்லை. மெஷின் போடும் பெயரைவிட, எடுத்தவன் தன் கையால் எழுதும் நன்றியைத்தான் அவர்கள் பெரிதாக நினைத்தார்கள் என்று 2011-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நோட்ஸ் இரவல் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆக, ஸ்கிராட்ச் சர்வரில் ஏறியது பிள்ளைகள் செய்த கோப்பு. அதனால் வந்த தகராறும் படைப்பைப் பற்றிய தகராறு. தீக்ஷாவில் ஏறியது என்ன?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியதும் நாடு முழுக்க தீக்ஷாவைத் தேடிப் போனார்கள். 2023 ஜனவரியில் 'வயர்ட்' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. தீக்ஷாவின் தகவல்கள் இருந்த ஒரு கிளவுட் சர்வர் பூட்டே இல்லாமல் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்திருக்கிறது. 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல். ஏறக்குறைய 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி, வகுப்பில் எப்போது சேர்ந்தார்கள், அதில் எவ்வளவு முடித்தார்கள் என்ற விவரம். மாணவர்களின் எண்ணும் மின்னஞ்சலும் மட்டும் பாதி மறைத்து இருந்தன.

மாணவன் வரைந்த ஒரு படத்துக்கு அந்த சர்வரில் இடமில்லை. அவனைப் பற்றிய கோப்புக்கு மட்டும் இருந்திருக்கிறது, அதுவும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி. பகிர்வு என்ற சொல்லுக்கு இதைவிட மோசமான அர்த்தம் கிடைப்பது கஷ்டம்.

2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றது. அதன் விதிகளை அறிவிக்க 2025 நவம்பர் ஆகிவிட்டது. சேரன்மகாதேவிப் பையன் அதற்குள் பிளஸ் டூ முடித்திருப்பான்.