பாக்ஸ்டர் மாநிலப் பூங்கா

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தின் மலைக்காட்டுப் பூங்கா. மாநிலத்தின் மிக உயரமான சிகரத்தைக் கொண்ட கட்டாடின் மலை (1,606 மீட்டர்) இதற்குள் இருக்கிறது. பரப்பு 2,09,000 ஏக்கருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 850 சதுர கிலோமீட்டர். பெயரில் மாநிலப் பூங்கா என்றாலும், இதன் பெரும்பகுதி அரசு வாங்கிய நிலம் அன்று. பெர்சிவல் பாக்ஸ்டர் என்ற தனிமனிதர் சொந்தப் பணத்தில் துண்டு துண்டாக வாங்கி, மக்களுக்கு எழுதிக்கொடுத்தது.

கட்டாடின் மலை பெனோப்ஸ்காட் பழங்குடியினருக்குப் புனிதமானது. மூஸ் மானின் தலையும் மனித உடலும் கழுகின் சிறகும் கொண்ட பமோலா என்ற ஆவி இதன் உச்சியைக் காப்பதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. சிகரங்களில் ஒன்று இன்றும் அந்தப் பெயரால்தான் வழங்குகிறது. வெளியார் உச்சியை அடைந்ததற்கான முதல் பதிவு 1804ஆம் ஆண்டினது. ஏறியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சார்லஸ் டர்னர் என்ற நில அளவையாளர். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1846இல் ஏறினார். மேகம் சூழ்ந்துகொண்டதால் உச்சியைத் தொடாமலே இறங்கிவிட்டார்.

அதன்பின் மரக்கம்பெனிகளும் காகித ஆலைகளும் சுற்றியுள்ள காடுகளைக் கைப்பற்றின. செல்வக் குடும்பத்தில் பிறந்த பாக்ஸ்டர் 1920இல் கட்டாடினில் ஏறியவர். மலையை அரசே வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதும், 1921 முதல் 1925 வரை ஆளுநராக இருந்தபோதும் வாதாடினார், சட்டமன்றம் இசையவில்லை. பதவிக்காலம் முடிந்த பிறகு தாமே வாங்கத் தொடங்கினார். 1930இல் கிரேட் நார்தர்ன் காகித நிறுவனத்திடமிருந்து உச்சி உள்ளிட்ட ஏறக்குறைய 6,000 ஏக்கரை 25,000 டாலருக்குப் பெற்று, அடுத்த ஆண்டே மாநிலத்துக்குக் கொடுத்தார். கடைசிக் கொடை 1962இல். அப்போது மொத்தம் 2,01,018 ஏக்கர்.

கொடையைவிட அதன் நிபந்தனைகளே முக்கியமானவை. நிலம் என்றென்றும் இயற்கையான காட்டு நிலையிலேயே விடப்பட வேண்டும். விலங்குக்கும் பறவைக்கும் புகலிடமாக இருக்க வேண்டும். மனிதரின் பொழுதுபோக்கு அதற்குப் பிறகுதான். 1937இல் இதைத் தேசியப் பூங்காவாக்க ஒரு மசோதா வந்தபோது பாக்ஸ்டர் கடுமையாக எதிர்த்தார். பெரிய விடுதிகளும் சாலைகளும் வந்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 1969இல் அவர் காலமானபோது பராமரிப்புக்கென ஏறத்தாழ 70 லட்சம் டாலர் அறக்கட்டளை நிதியும் விட்டுச்சென்றார். மாநிலத்தின் பிற பூங்காக்களைப் போல் அல்லாமல், தலைமை வழக்கறிஞர், வனவிலங்குத் துறை ஆணையர், வனத்துறை இயக்குநர் ஆகிய மூவர் கொண்ட தனி ஆணையம் இதை நிர்வகிக்கிறது.

இந்த நிபந்தனைகளைக் கொண்ட கொடைப் பத்திரங்கள் வெறும் காகிதமாக நின்றுவிடவில்லை. 1974இல் புயல் சாய்த்த மரங்களைக் கனரக இயந்திரங்கள் கொண்டு அகற்ற ஏற்பாடானபோது, குடிமக்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். அறக்கட்டளையின் பயனாளிகள் என்ற முறையில் வழக்காடும் உரிமை அவர்களுக்கு உண்டென்று 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதற்கிடையே 1977 கோடையில் மின்னலால் மூண்ட தீ, அதே பகுதியில் ஏறத்தாழ 3,500 ஏக்கரை எரித்தது. இந்த நிபந்தனைகளுக்கு விதிவிலக்கான நிலமும் உண்டு. பூங்காவின் ஏறக்குறைய கால்பகுதியில் வேட்டைக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் மூஸ் மானை எங்கும் சுடக்கூடாது. வடமேற்கு மூலையில் சுமார் 29,500 ஏக்கரில் அறிவியல் முறைப்படி மரம் வெட்டப்படுகிறது.

கட்டாடின் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல் மலை. பனிப்பாறைகள் அதன் பக்கங்களைக் குடைந்து, செங்குத்தான சுவர் கொண்ட பெரும் பள்ளங்களை ஆக்கியிருக்கின்றன. மர எல்லைக்கு மேலே விரியும் மேட்டுச் சமவெளியில் ஆர்க்டிக் தாவரங்கள் வளர்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத கட்டாடின் ஆர்க்டிக் வண்ணத்துப்பூச்சி வாழ்வதும் இங்கேதான். கற்களின் நிறத்தில் ஒன்றிப்போகும் இந்தச் சிற்றுயிரைச் சேகரிப்பாளர்கள் திருடிப் போனதுண்டு. வெப்பம் கூடக்கூட மேலே நகர இதற்கு இடமில்லை. பூங்காவின் உயிர்களில் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். கீழுள்ள காடுகளில் மூஸ், கருங்கரடி, வெள்ளைவால் மான், பீவர், மார்ட்டன் ஆகியவை உள்ளன. ஏரிகளில் லூன் பறவையின் நீண்ட கூவல் இரவெல்லாம் கேட்கும். கரிபூ மான்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்துவிட்டன. 1963இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டவையும் நிலைக்கவில்லை.

ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை கட்டாடின் உச்சியில்தான் முடிகிறது. மாதக்கணக்கில் நடந்து வருபவர்கள் அங்குள்ள பெயர்ப்பலகையைக் கட்டிக்கொண்டு அழுவது வழக்கமான காட்சி. பமோலா சிகரத்தையும் மிக உயரமான பாக்ஸ்டர் சிகரத்தையும் இணைக்கும் கத்திமுனை என்ற மலைவிளிம்பு 1.8 கிலோமீட்டர் நீளமுள்ளது. சில இடங்களில் சில அடி அகலமே, இருபுறமும் கிடுகிடு பள்ளம். காற்றோ மழையோ இருந்தால் அதில் கால்வைக்கக் கூடாது. 1939இல் டான் ஃபெண்ட்லர் என்ற 12 வயதுச் சிறுவன் உச்சியருகே மூடுபனியில் வழிதவறி, ஒன்பது நாள் காட்டில் தனியே அலைந்து, ஓடையைப் பின்பற்றி உயிர்பிழைத்தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மர எல்லைக்கு மேல் அழைத்துச்செல்ல இன்று அனுமதியில்லை.

பூங்காவுக்குள் மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை, தார்ச்சாலை இல்லை. மண்சாலையில் மணிக்கு 32 கிலோமீட்டர்தான் வேகம். வளர்ப்பு நாய்களுக்கு இடமில்லை. குப்பைத்தொட்டியும் கிடையாது, கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டும். முகாமில் இரவு தங்க முன்பதிவு வேண்டும். கட்டாடின் ஏறும் பாதைகளின் தொடக்கத்தில் வண்டி நிறுத்தவும் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. இலைகள் நிறம் மாறும் செப்டம்பர் கடைசி வாரம் பார்க்க ஏற்ற காலம். ஒரே ஒரு நாள் கிடைத்து, மலையேறிப் பழக்கமும் இல்லையென்றால், ரோரிங் புரூக் முகாமிலிருந்து சிறிது தூரமே உள்ள சாண்டி ஸ்ட்ரீம் குளத்துக்கு விடியற்காலையில் போங்கள். தண்ணீரில் இறங்கி மேயும் மூஸைக் காண இதைவிட நல்ல இடம் பூங்காவில் இல்லை.