பைத்தான் வரிமொழிமாற்றியின் சி மூலநிரலில் முழுதளாவிய மாறிகள்

நிரலின் எந்தச் செயற்கூற்றுக்கும் தனியுரிமையாகாமல், நிரல் தொடங்கியது முதல் முடியும்வரை நினைவகத்தில் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் மாறி முழுதளாவிய மாறி எனப்படும். சி மொழியில் செயற்கூற்றுக்குள் ‘ஸ்டேட்டிக்’ என அறிவிக்கப்படும் மாறியும், பெயர் வெளியே தெரியாவிடினும், ஆயுளால் இவ்வகையினதே.

கைடோ வான் ராசம் 1989 இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் எழுதத் தொடங்கி 1991-இல் வெளியிட்ட பைத்தானின் மூல வரிமொழிமாற்றியான சிபைத்தான், இத்தகைய மாறிகளைத் தாராளமாகக் கையாண்டது. இயங்கும் நிரலுக்கு இயக்குதளம் ஒதுக்கும் ஒரு பிராசஸில் ஒரே வரிமொழிமாற்றி இருக்கும்வரை இதனால் பெருங்கேடில்லை. 1997-இல் 1.5 பதிப்பு ஒரே பிராசஸில் பல வரிமொழிமாற்றிகளுக்கு இடமளித்தபோது, அவற்றின் நிலையைத் தாங்கத் தனிக் கட்டுருக்கள் வகுக்கப்பட்டன. எனினும் எண்ணற்ற மாறிகள் பொதுவிலேயே தங்கிவிட்டன.

இம்மாறிகளை நால்வகையாகப் பிரிப்பது தெளிவு தரும். என்றும் மாறாத ‘கான்ஸ்ட்’ அட்டவணைகள் தீங்கற்றவை. வரிமொழிமாற்றிகளின் பட்டியல் போன்று பிராசஸ் முழுமைக்கும் ஒன்றாக இருக்க வேண்டியவை, 2018-இல் வெளிவந்த 3.7 பதிப்பு முதல் ‘பைரன்டைம்’ என்னும் ஒரே கட்டுருவில் திரட்டப்பட்டு வருகின்றன. ஏற்றப்பட்ட மாட்யூல்களின் அகராதி வரிமொழிமாற்றிக்குரியது. கையாளப்படும் பிழையும், இயங்கும் செயற்கூற்றின் நிலையைத் தாங்கும் நடப்புச் சட்டகமும், பிராசஸுக்குள் ஒருங்கே இயங்கும் கட்டளைத்தொடரான இழைக்குரியவை. இவற்றுள் தமக்குரிய இடத்தில் வைக்கப்படாமல், ஒருமுறை உருவாக்கிய பொருளைச் செயற்கூற்றுக்குள் ஒளித்துவைக்கும் ஸ்டேட்டிக் சுட்டிகளே மிகவும் கேடானவை. ஒரு வரிமொழிமாற்றி அழிந்தபின் அதன் பொருளை மற்றொன்று தொட நேர்வது இவற்றாலேயே.

மாறாததாகத் தோன்றும், மதிப்பின்மையைக் குறிக்கும் ‘நன்’ போன்ற பொருளும் உண்மையில் மாறுவதே. அதைச் சுட்டும் இடங்களின் எண்ணிக்கை அதனுள்ளேயே எழுதப்படுவதால், இரு இழைகள் பூட்டின்றி ஒருசேர எழுதினால் கணக்குப் பிசகும். இதனைத் தவிர்க்க, எண்ணிக்கை மாறாத ‘இறவாப் பொருள்கள்’ 3.12 பதிப்பில் வந்தன. ஒரு நேரத்தில் ஒரே இழையை மட்டும் இயங்கவிடும் பூட்டு ஒவ்வொரு வரிமொழிமாற்றிக்கும் தனியே அமையும் ஏற்பாடும் 2023-இல் வெளியான அப்பதிப்பிலேயே நிறைவேறியது. மூலநிரலை அலசும் ஒரு கருவி, எஞ்சிய மாறிகளைத் திருத்த வேண்டியவை, விட்டுவிடத்தக்கவை எனப் பதிவுசெய்த இரு கோப்புகளுடன் ஒப்பிட்டு, பதிவில்லாத புதிய மாறி நுழைந்தால் சுட்டிக்காட்டுகிறது. தனிமனித விழிப்பைவிட இதுவே நம்பத்தக்க காவல்.

அந்தப் பூட்டே இல்லாத சோதனை வடிவம் 2024-இல் 3.13 பதிப்புடன் வந்தது. பல வரிமொழிமாற்றிகளைப் பைத்தான் நிரலிலிருந்தே இயக்கும் மாட்யூல், 2025-இன் 3.14 பதிப்பில் செந்தர நூலகத்தில் சேர்க்கப்பட்டது.