குடிக்காதவரின் கல்லீரல்

ஸ்கேன்ல எனக்கு ‘ஃபேட்டி லிவர்’னு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “குடிக்கிறியா கண்ணு?”

இந்தச் சந்தேகம் டாக்டர்களுக்கும் இருந்தது. 1980-இல்தான் மேயோ கிளினிக்கின் யூர்கன் லுட்விக் குழு, 20 நோயாளிகளை ஆராய்ந்து, மது இல்லாமலும் வரும் இந்தக் கல்லீரல் அழற்சிக்குப் பெயர் வைத்தது.

கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை. கல்லீரலின் காவல்காரர்களான குப்ஃபர் செல்கள் உசுப்பேறும்போது சிடி163 என்ற புரதத்தை ரத்தத்தில் உதிர்க்கின்றன. கல்லீரலில் தழும்பு அதிகமானவர்களிடம் அதன் அளவும் அதிகம்.

1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. எங்க கிணத்துல மோட்டார் ஏறும்வரை அப்பாரு கவலை ஓட்டினார், கம்மஞ்சோறு சாப்பிட்டார். நான் சரவணம்பட்டியில் நாள் முழுக்க நாற்காலியில்.

மோட்டாரைக் குறை சொல்லலைங்க. ஆனா, “நான்தான் குடிக்கறதில்லையே”ன்னு மட்டும் இருந்துடாதீங்க.